நாற்பது பிள்ளைகள், பத்து வாத்தியங்கள், ஒரே ஆசிரியர்

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கதை பழக்கம்தான். பேரன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். பள்ளியிலிருந்து ஒரு தாள் வருகிறது: பேண்டு, ஆர்கெஸ்ட்ரா, கோரஸ் இவற்றில் எது வேண்டும் என்று. சில நாட்களில் வீட்டுக்கு ஒரு கறுப்புப் பெட்டி வந்து சேர்கிறது. உள்ளே ஐந்து துண்டுகளாகக் கழற்றி வைத்த கிளாரினெட். வீடியோ காலில் அதன் சத்தத்தைக் கேட்டு, "என்னடா கண்ணா, வாத்து கத்துது" என்று தாத்தா இங்கிருந்து சிரிப்பார். இரண்டு வருஷம் போகட்டும். அதே பையன் ஐம்பது அறுபது பேரோடு மேடையில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை அடிகளை எண்ணிக் காத்திருந்து, சரியான இடத்தில் நுழைவான். தாத்தாவுக்குச் சிரிப்பு வராது.

இடையில் நடந்தது என்ன என்பதுதான் விஷயம். அந்தப் பையனுக்குத் தனி வாத்தியார் பெரும்பாலும் கிடையாது. வீட்டில் மேற்கத்திய இசை தெரிந்தவர் யாரும் இல்லை. மேதை என்று அவனை யாரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. பெயர் கொடுத்தான், சேர்ந்தான், அவ்வளவுதான்.

நம்மூரில் பள்ளி பேண்டு என்றால் குடியரசு தினத்தன்று மைதானத்தைச் சுற்றிவரும் டிரம்மும் குழலும்தான் நினைவுக்கு வரும். அங்கே அது ஒரு பாடம். கணக்கு, அறிவியல் போலக் கால அட்டவணையில் இடம் உண்டு, மதிப்பெண் உண்டு, அதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கிச் சம்பளத்துக்கு வந்த ஆசிரியர் உண்டு. அவரை பேண்டு டைரக்டர் என்பார்கள். ஊதும் வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் சேர்ந்தது பேண்டு. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று வில் போடும் வாத்தியங்கள் சேர்ந்தால், பள்ளி வழக்கில் அது ஆர்கெஸ்ட்ரா.

அந்த ஆசிரியரின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் மரபில் குருவின் முன்னால் ஒரு சிஷ்யன், மிஞ்சினால் நாலு பேர், எல்லோர் கையிலும் ஒரே வாத்தியம். இவர் முன்னால் நாற்பது பிள்ளைகள், பத்து வகை வாத்தியங்கள், முக்கால் மணி நேரம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். இது நடக்கவே முடியாத காரியம் என்று தோன்றும். நடக்க வைத்தது ஆசிரியர்களின் தியாகம் என்று எழுதிவிடலாம், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நூறு வருஷமாகச் செதுக்கிச் செதுக்கி உருவாக்கிய ஒரு மெலிந்த பாடப் புத்தகத்துக்குத்தான் அந்தப் பெருமையில் பெரும்பங்கு சேர வேண்டும்.

நாலு பெயர், ஒரே ஸ்வரம்

பியானோவில் 'பி ஃபிளாட்' என்ற ஸ்வரத்தை அழுத்துங்கள். வகுப்பு முழுவதும் அதே ஸ்வரத்தை வாசிக்க வேண்டும். ஃப்ளூட் பெண்ணின் தாளில் அது 'பி ஃபிளாட்' என்றே இருக்கும். டிராம்போன், டியூபாவுக்கும் அப்படியே. டிரம்பெட், கிளாரினெட், டெனர் சாக்ஸபோன் தாள்களில் அதையே 'சி' என்று எழுத வேண்டும். ஆல்டோ சாக்ஸபோனுக்கு 'ஜி'. ஃபிரெஞ்ச் ஹார்னுக்கு 'எஃப்'. ஆசிரியர் மறந்துபோய் "எல்லாரும் சி வாசிங்க" என்று சொன்னால், அறையில் நாலு வெவ்வேறு ஸ்வரங்கள் மோதும்.

இது ஏதோ வெள்ளைக்காரர் கிறுக்குத்தனம் என்று நினைக்க வேண்டாம். நாதஸ்வரத்தில் திமிரி, பாரி என்று நீளம் மாறினால் சுருதி மாறும். விரல் வைக்கும் முறை மாறாது. அவர்களும் ஒரே குடும்பத்து வாத்தியத்தைப் பல அளவுகளில் செய்தார்கள். எந்த அளவை எடுத்தாலும் வாசிப்பவருக்கு விரல் பழக்கம் மாறக்கூடாது என்று, அந்த வித்தியாசத்தைக் காகிதத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள். வாசிப்பவருக்குச் சௌகரியம். நாற்பது பேருக்கு ஒன்றாகச் சொல்லிக்கொடுப்பவருக்குத் தலைவலி.

விரல் கதை இன்னும் மோசம். டிரம்பெட்டில் மூன்றே வால்வுகள். ஒரே அழுத்தத்தில் உதட்டை இறுக்கினால் ஒரு ஸ்வரம், தளர்த்தினால் வேறு ஸ்வரம். டிராம்போனில் வால்வே கிடையாது, ஏழு இடங்களில் ஸ்லைடை நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்துவது என்று குழாயில் கோடு எதுவும் இருக்காது. ஃப்ளூட்டில் மூச்சை மாற்றினால் மேல் ஸ்தாயி. கிளாரினெட்டில் கட்டைவிரல் சாவியைத் தொட்டால் ஒரு ஸ்தாயியையும் தாண்டி இன்னொரு பஞ்சம தூரம் மேலே எகிறும். அதனால் கீழே 'சி' என்று பழகிய விரல் அமைப்பு மேலே 'ஜி' ஆகிவிடும். அந்த எல்லையைக் கடப்பதை 'பிரேக்' என்பார்கள். கிளாரினெட் பிள்ளைகள் அழுகிற இடம் அது.

புத்தகம் இதை எப்படிச் சமாளிக்கிறது? ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிப் புத்தகம். எல்லாவற்றிலும் பக்க எண்ணும் வரி எண்ணும் ஒன்றே. "பக்கம் ஒன்பது, வரி முப்பத்துநாலு" என்று ஆசிரியர் சொன்னால் டியூபா பையனும் ஃப்ளூட் பெண்ணும் அவரவர் புத்தகத்தைத் திறப்பார்கள். எழுத்து வேறு, விரல் படம் வேறு, வெளியே வருவது ஒரே மெட்டு. ஆசிரியரிடம் மட்டும் எல்லா வாத்தியத்தையும் அடுக்கடுக்காக அச்சிட்ட தடித்த ஸ்கோர் இருக்கும். தொடக்கத்தில் ஐந்தே ஸ்வரங்கள்: பி ஃபிளாட், சி, டி, ஈ ஃபிளாட், எஃப். இந்த ஐந்தும் பெரும்பாலான ஊது வாத்தியங்களுக்கு விரல் சுலபம், உதட்டுக்கும் சுலபம்.

'பெரும்பாலான' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் துரதிர்ஷ்டசாலி ஃபிரெஞ்ச் ஹார்ன். மற்றவர்களுக்கு வசதியான உயரம் அந்தப் பிள்ளைக்குத் தொண்டையை நெரிக்கும், அல்லது பாதாளத்தில் தள்ளும். அதனால் நல்ல புத்தகங்கள் ஹார்னுக்கு மட்டும் மாற்று வரிகள் தருகின்றன. டிரம்பெட்டில் ஒரு வருஷம் பழக்கிவிட்டு ஹார்னுக்கு மாற்றும் ஆசிரியர்களும் உண்டு. டிரம் பிள்ளைகளின் பிரச்சினை வேறு. மற்றவர்கள் ஐந்து ஸ்வரத்தோடு மல்லுக்கட்டும்போது இவர்களுக்கு வேலை இருக்காது, வேலை இல்லாத கையில் குச்சி இருந்தால் என்ன ஆகும்? எனவே அவர்களுக்கு ஸ்வரம் தட்டும் பெல்ஸும் சேர்த்தே பாடம்.

கடைக்காரர் போட்ட விதை

இந்தக் கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை. 1890-களின் கடைசியில் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கூட்டமாக வயலின் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு தொடங்கியது. பின்னால் நின்றது மர்டாக் என்ற இசை வியாபார நிறுவனம். வாரத் தவணையில் வயலின், மலிவான பாடப் புத்தகம், வகுப்புக்கு ஆசிரியர் என்று எல்லாம் ஒரே இடத்தில். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே மேடையில் வில் போட்டார்கள். இதைப் போய்ப் பார்த்துவந்த பாஸ்டன் ஆசிரியர் ஆல்பர்ட் மிட்செல், ஊர் திரும்பி வகுப்பு வயலினுக்கு ஒரு முறையையே எழுதினார்.

ஆனால் வயலின் மட்டும் இருக்கும் வகுப்பு எளிது. கலந்த வாத்தியங்களை ஒரே அறையில் உட்காரவைக்கும் புத்தகத்தை 1923-ல் ஜோசப் மேடியும் தாடியஸ் கிடிங்ஸும் கொண்டுவந்தார்கள். பெயர் 'யுனிவர்சல் டீச்சர்'. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டிலிருந்து தொடங்குவது அதன் வழி. மேடி சும்மா இருக்கும் ஆள் இல்லை. 1926-ல் நாடெங்கிலும் இருந்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி டெட்ராய்ட்டில் ஒரு தேசிய ஆர்கெஸ்ட்ராவை வாசிக்க வைத்தார். 1928-ல் மிச்சிகனில் ஏரிக்கரையோரம் இன்டர்லாக்கன் கோடை முகாமைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

அதே 1923-ல் சிகாகோவில் பள்ளி பேண்டுகளுக்கான முதல் தேசியப் போட்டி நடந்தது. பணம் போட்டவர்கள் வாத்தியம் செய்யும் கம்பெனிகள். முதல் உலகப்போர் முடிந்திருந்தது. ஊர்தோறும் இருந்த நகர பேண்டுகள் வானொலி, சினிமா வரவால் தேய்ந்துகொண்டிருந்தன. டிரம்பெட்டை இனி யாருக்கு விற்பது? பள்ளிப் பிள்ளைகளுக்கு. வாத்தியத் தலைநகரமான இண்டியானாவின் எல்கார்ட் நகரம் இந்த வியாபாரத்தால் செழித்தது. அந்தப் போட்டியில் ஒஹையோவின் ஃபாஸ்டோரியா பள்ளி ஜெயித்தது. அதற்குப் பிறகு எந்த ஊர்ப் பெற்றோர் சும்மா இருப்பார்கள்? "பக்கத்து ஊர்ல இருக்கே, நம்மூர்ல ஏன் இல்ல?" என்ற கேள்விக்கு இணையான விளம்பரம் கிடையாது.

இந்த வியாபாரத் தந்திரத்தைக் கேலி செய்தே ஒரு புகழ்பெற்ற நாடகம் வந்தது. 1957-ல் பிராட்வேயில் மேடையேறிய 'தி மியூசிக் மேன்'. ஐயோவா மாநிலச் சிற்றூருக்கு வரும் ஒரு மோசடிப் பேர்வழி, பிள்ளைகளுக்கு பேண்டு அமைத்துத் தருகிறேன் என்று வாத்தியமும் சீருடையும் விற்று ஓடப் பார்க்கிறான். அவனுக்கு ஸ்வரமே தெரியாது. எழுதிய மெரடித் வில்சன் ஐயோவாக்காரர். அணிவகுப்பு இசையின் மன்னர் ஜான் ஃபிலிப் சூசாவின் குழுவில் ஃப்ளூட் வாசித்தவர். விற்பனையாளரின் பேராசையும் ஊரின் ஆசையும் சேர்ந்தால் என்ன பிறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பெனிகளின் நோக்கம் லாபம்தான், சந்தேகமில்லை. அந்த லாபக் கணக்கு ஒரு நாட்டுக்கே இசைக் கல்வியைக் கொடுத்துவிட்டுப் போனது என்பதும் உண்மைதான்.

பிறகு புத்தகங்கள் வரிசை கட்டின. ரூபாங்க், 'ஈஸி ஸ்டெப்ஸ் டு தி பேண்ட்', பெல்வின் பேண்ட் பில்டர் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒன்று. இன்றைய வகுப்புகளில் அதிகம் புழங்கும் பெயர்களில் ஹால் லெனார்டின் 'எசென்ஷியல் எலிமென்ட்ஸ்', புரூஸ் பியர்சனின் 'ஸ்டாண்டர்ட் ஆஃப் எக்ஸலன்ஸ்' இரண்டும் 1990-களின் தொடக்கத்தில் வந்தவை. எந்தப் புத்தகம் உசத்தி என்று ஆசிரியர்கள் சண்டை போடுவது, மதுரைக்காரர்கள் எந்தக் கடை பரோட்டா உசத்தி என்று பேசுவதைவிடத் தீவிரமாக இருக்கும். உண்மையில் வித்தியாசம் சின்னதுதான்: முதல் ஸ்வரம் எது, நீளமான ஸ்வரத்தில் தொடங்குவதா, துண்டு ஸ்வரத்திலா, எட்டாவது பக்கத்திலேயே தெரிந்த பாட்டு வந்துவிடுகிறதா. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளை வாத்தியத்தை விடுவதும் தொடர்வதும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் தொங்குகிறது.

பாட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய புத்தகங்களில் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் மெட்டுகள் நிறைய. எளிமையானவை, எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றில் பல, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்த மேடைகளுக்காக எழுதப்பட்டவை. இதைச் சுட்டிக்காட்டி ஆசிரியர்களே கேள்வி எழுப்ப, அந்த வரிகளைத் தாண்டிப் போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஐந்து ஸ்வரத்தில் வேறு பாட்டா கிடையாது?

வில் பிடிக்கும் கை

நரம்பு வாத்தியக்காரர்களின் உலகம் தனி. பேண்டு பி ஃபிளாட்டில் தொடங்கினால் ஆர்கெஸ்ட்ரா 'டி மேஜர்' ஸ்கேலில் தொடங்கும். வயலின், வியோலா, செல்லோ, பேஸ் நாலிலும் பொதுவாக இருக்கும் தந்திகள் ஜி, டி, ஏ. விரலே வைக்காமல் எல்லோரும் ஒன்றாக ஒலிக்கலாம். முதல் வாரம் முழுக்க இடது கைக்கு வேலையே இல்லாமல், தந்தியைச் சுண்டியே கச்சேரி நடக்கும். விரல் வைக்கும் இடத்தில் வண்ண நாடா ஒட்டுவார்கள். வில்லைப் பிடிக்கும் முன் பென்சிலைப் பிடித்துப் பழக வேண்டும்; கட்டைவிரல் வளைந்திருக்கிறதா என்று ஆசிரியர் ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவார். பிறகு பேண்டும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் நாள் வந்தால், ஒருவருக்கு இனித்த ஸ்கேல் மற்றவருக்குக் கசக்கும்.

இந்த உலகத்தைப் புரட்டிப்போட்டது ஜப்பானிலிருந்து வந்த ஒரு படச்சுருள். வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசூகியிடம் பயின்ற நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஒன்றாகப் பாக் இசையை வாசிக்கும் காட்சியை 1958-ல் ஒஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் திரையிட்டார்கள். பார்த்த ஆசிரியர்களுக்கு நம்பமுடியவில்லை. 1964-ல் சுசூகியே குழந்தைகளோடு அமெரிக்கா வந்து, ஃபிலடெல்ஃபியாவில் இசை ஆசிரியர்கள் மாநாட்டில் வாசிக்க வைத்தார். தாய்மொழியைக் கற்பது போல முதலில் காதால் கேட்டு, பிறகு வாசித்து, எழுத்து அப்புறம் என்பது அவர் கொள்கை. பாட்டு வாத்தியார் முன் உட்கார்ந்து சரளி வரிசை சொன்ன யாருக்கும் இது புதிதாகத் தோன்றாது. ஆனால் சுசூகி முறைக்குத் தாய் தினமும் கூட உட்கார வேண்டும். பொதுப் பள்ளி வகுப்பில் அது நடக்காது. அதனால் அங்கே சுசூகியின் பாட்டுகளும் நாடாவும் நுழைந்தன, தாய் நுழையவில்லை.

பள்ளி வகுப்புக்கு அதிகம் கொடுத்தவர் என்று நான் நினைப்பது, வெளியே அவ்வளவாகப் பெயர் தெரியாத பால் ரோலண்ட். ஹங்கேரியில் பிறந்து இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 1966 முதல் 1971 வரை ஓர் ஆய்வுத் திட்டம் நடத்தி, வயலின் வாசிக்கும் உடலின் ஒவ்வோர் அசைவையும் பிரித்து, படங்களாக எடுத்தார். தோள் எப்படித் தளர வேண்டும், எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எப்படி மாற வேண்டும், வில் தந்தியைத் தொடும் முன் கை காற்றில் என்ன செய்ய வேண்டும் என்று. யூடியூபில் ஆயிரம் பாடங்கள் கொட்டிக் கிடக்கும் இந்தக் காலத்திலும், அந்தப் படங்களின் தெளிவு பலவற்றில் இல்லை.

தகதிமி போன தூரம்

தாளம் சொல்லிக்கொடுப்பதில் அவர்களுக்கு நெடுநாளாக ஒரு குறை. ஒரு அடியை நாலாகப் பிரித்தால் "ஒன் - ஈ - அண்ட் - அ" என்று எண்ணுவார்கள். எண்ணும் அசைகளும் கலந்து நாக்கில் புரளாது. ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாயின் முறையில் "டா, டிடி" என்று சொல்வார்கள். அது சின்னப் பிள்ளைகளுக்குச் சரி, மேலே போனால் போதாது. 1996-ல் ரிச்சர்ட் ஹாஃப்மன், வில்லியம் பெல்ட்டோ, ஜான் வைட் என்ற மூன்று இசைப் பேராசிரியர்கள் ஒரு புது முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பெயர் 'தகதிமி'. ஆம், நம்ம தகதிமிதான். அடி விழும் இடம் எப்போதும் 'த'. இரண்டாகப் பிரித்தால் 'த - தி'. நாலானால் 'த க தி மி'. மூன்றானால் 'த கி ட'.

கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவர்கள் உடனே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார்கள். நம் சொற்கட்டில் 'த' அடியில்தான் விழ வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. கோர்வை அடியைத் தாண்டிப் புரண்டு, சமத்தில் வந்து இறங்கும்போதுதான் சுகமே. அவர்கள் அசைகளை எடுத்துக்கொண்டு, சுதந்திரத்தை விட்டுவிட்டார்கள். குறை சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகளுக்கு அடி எங்கே என்று தெரிவதுதான் முதல் தேவை. மிருதங்க வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளை டெக்சாஸ் பள்ளி பேண்டு அறையில் ஆசிரியர் வாயால் தகதிமி கேட்டால், அன்றைக்கு அவன்தான் வகுப்பில் ராஜா.

பட்டியலும் போட்டியும்

அடிப்படைப் புத்தகம் முடிந்ததும் மேடைக்கு உருப்படி வேண்டும். இங்கேதான் பதிப்பகங்களின் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. பள்ளி இசையை ஒன்றிலிருந்து ஆறு வரை கிரேடு பிரித்திருக்கிறார்கள். முதல் கிரேடு என்றால் ஏறக்குறைய ஆறு ஸ்வரங்களுக்குள் அடங்க வேண்டும், கிளாரினெட் அந்த 'பிரேக்'கைக் கடக்கக்கூடாது, தாளம் சிக்கலாகக் கூடாது. ஆறாம் கிரேடில் பெர்சி கிரெய்ஞ்சரின் 'லிங்கன்ஷயர் போஸி' போன்றவை. தொழில்முறைக் குழுக்களே உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிற உருப்படிகள். இந்த இரண்டுக்கும் நடுவில் வருஷாவருஷம் புதிது புதிதாக அச்சாகிறது. நிறைய ஒரே அச்சு: அதிரடித் தொடக்கம், நடுவில் கண்ணீர், மறுபடி அதிரடி, பெயரில் ஒரு டிராகனோ புயலோ. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அடுத்த வருஷம் மறந்தும் போகும்.

ஆறு ஸ்வரத்துக்குள் நல்ல இசை எழுதுவது சிம்ஃபனி எழுதுவதைவிடக் கஷ்டம். அமெரிக்கன் கம்போசர்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு 'பேண்ட்குவெஸ்ட்' வரிசைக்காகப் பெரிய இசையமைப்பாளர்களை நடுநிலைப் பள்ளிகளுக்கு எழுத வைத்தது. புலிட்சர் பரிசு வாங்கிய மைக்கேல் கோல்கிராஸ் எழுதிய 'ஓல்ட் சர்ச்சஸ்', சீனாவில் பிறந்த சென் யீ எழுதிய 'ஸ்பிரிங் ஃபெஸ்டிவல்' இரண்டும் அப்படி வந்தவை. சுலபம், ஆனால் மலிவு கிடையாது. எந்த உருப்படியை எப்படி அணுகுவது என்று ஆசிரியருக்குச் சொல்ல 1997-லிருந்து 'டீச்சிங் மியூசிக் த்ரூ பெர்ஃபார்மன்ஸ் இன் பேண்ட்' என்ற தடித்த தொகுதிகள் வருகின்றன. ஒவ்வோர் உருப்படிக்கும் யார் எழுதியது, எந்தச் சூழலில், எந்த இடத்தில் பிள்ளைகள் சறுக்குவார்கள், வடிவம் என்ன என்று ஒரு குறிப்பு. கிராமத்துப் பள்ளியில் தனியாக மாட்டிக்கொண்ட இளம் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய துணை கிடைக்காது.

டெக்சாஸ் மாநிலத்தில் யு.ஐ.எல். என்ற அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. போட்டிக்குப் போகும் பள்ளி பெரும்பாலும் அதிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை தரம், ஒன்றுதான் உசத்தி. மேடையில் வாசித்து முடித்ததும் பிள்ளைகளை இன்னொரு அறைக்கு அழைத்துப் போவார்கள். அதுவரை யாரும் பார்த்திராத ஒரு உருப்படி ஸ்டாண்டில் காத்திருக்கும். ஆசிரியருக்குச் சில நிமிடம் தருவார்கள். விளக்கலாம், பிள்ளைகள் பாடிப் பார்க்கலாம், எண்ணிப் பார்க்கலாம், சத்தமில்லாமல் விரல் வைத்துப் பார்க்கலாம், ஊத மட்டும் கூடாது. நேரம் முடிந்ததும் குச்சி எழும்பும், நடுவர்கள் முன்னால் முதல் வாசிப்பே தேர்வு. ஆசிரியர் வருஷம் முழுவதும் உண்மையில் என்ன சொல்லிக்கொடுத்தார் என்பது அந்த அறையில் ஒளிக்க முடியாமல் வெளிப்பட்டுவிடும்.

இதன் மறுபக்கம், மேடைக்கான மூன்று உருப்படிகளையே மாதக்கணக்கில் அரைத்துக்கொண்டிருக்கும் பள்ளிகள். நம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு 'முக்கிய வினாக்கள்' வியாதிதான், உடை வேறு. அதைச் செய்கிற ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. தரம் ஒன்று வாங்காவிட்டால் பள்ளி அவரைப் பார்க்கும் பார்வை மாறிவிடுகிறது.

டிசம்பரில் பேண்டு ஆசிரியர்களெல்லாம் சிகாகோவில் கூடுவார்கள். 'மிட்வெஸ்ட் கிளினிக்' என்று பெயர். 1946-ல் நூற்றுச் சொச்சம் ஆசிரியர்களோடு தொடங்கிய கூட்டம். இன்று மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தை நிரப்புகிறது. பகலெல்லாம் பள்ளிக் குழுக்கள் வாசிக்கும், பதிப்பகங்கள் கடை விரிக்கும், "கிளாரினெட் கீச்சிடாமல் இருக்க" என்ற தலைப்பில் பேசினால் அரங்கம் நிறையும்.

திரை சொல்லும் சிவப்பு, பச்சை

மென்பொருள் வந்து முப்பது வருஷம் ஆகிறது. 'ஸ்மார்ட்மியூசிக்' என்ற பெயரில் வந்த மென்பொருளில் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் கணினி கேட்டு, சரியான ஸ்வரத்தைப் பச்சையிலும் தப்பைச் சிவப்பிலும் காட்டும். பின்னணியில் முழு பேண்டும் ஒலிக்கும். தனியாக வாசிக்கும் சலிப்பு போய்விடும், ஆசிரியருக்கு யார் பயிற்சி செய்தார்கள் என்று கணக்கும் கிடைக்கும். ஆனால் அதற்குத் தெரிவது சுருதியும் நேரமும்தான். கன்னம் உப்பியிருப்பது தெரியாது, சீவாளி கிழிந்திருப்பது தெரியாது. எல்லாம் பச்சை வாங்கிவிட்டுக் கேட்கச் சகிக்காமல் வாசிக்கும் பிள்ளையை எந்த ஆசிரியரைக் கேட்டாலும் காட்டுவார்.

மென்பொருளை நம்புவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பல ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப (மூன்று டிரம்பெட், பதினொரு சாக்ஸபோன், டியூபா பூஜ்யம்) பாட்டுகளைத் தாங்களே மாற்றி எழுதுவார்கள். அதற்குப் பலர் நம்பியது 'ஃபினாலே'. 2024 ஆகஸ்டில் அதைத் தயாரித்த நிறுவனம், 35 வருஷங்களுக்குப் பிறகு இனி வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. ஒரு வாழ்நாள் உழைப்பின் கோப்புகளை வேறு மென்பொருளுக்கு மாற்றும் கூலியில்லா வேலை ஆசிரியர் தலையில் விழுந்தது. காகிதத்தில் அச்சிட்ட 1950-களின் புத்தகம் இன்றும் திறந்தால் திறக்கிறது.

2020-ல் கொரோனா வந்தபோது, ஊதும் வகுப்பே ஆபத்து என்று பள்ளிகள் நடுங்கின. இசை அமைப்புகள் பணம் திரட்டி, கொலராடோ, மேரிலாண்ட் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நடத்தின. வாத்தியத்தின் வாயிலிருந்து எவ்வளவு நுண்துளி வருகிறது என்று அளந்து, வாத்தியத்துக்கும் முகக்கவசம், மவுத்பீஸ் நுழையப் பிளவு வைத்த கவசம், அரை மணிக்கு மேல் ஒரே அறையில் வாசிக்க வேண்டாம் என்று வழி சொன்னார்கள். வகுப்பு பிழைத்தது.

எல்லாம் இருந்தும்

நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லம் ஏழைகள் வாழும் பகுதி. அங்கே ராபர்ட்டா குவாஸ்பாரி என்ற ஆசிரியை, தானே வாங்கி வைத்திருந்த 50 வயலின்களோடு பொதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1980-லிருந்து சொல்லிக்கொடுத்தார். வாத்தியம் இருந்தது, முறை இருந்தது, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இருந்தார்கள், தேர்ந்த ஆசிரியரும் இருந்தார். 1991-ல் நிதியை வெட்டினார்கள், அவர் வேலை போயிற்று. பெற்றோரும் நண்பர்களும் பணம் திரட்ட, 1993-ல் கார்னகி ஹாலில் ஐசக் ஸ்டெர்ன், இட்ஸாக் பெர்ல்மன் போன்றவர்கள் அந்தப் பிள்ளைகளோடு மேடையேறி வகுப்பைக் காப்பாற்றினார்கள். 1999-ல் மெரில் ஸ்ட்ரீப் நடித்து அது படமாகவும் வந்தது. நெகிழ்ச்சியான கதை என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஓர் ஆசிரியர் சம்பளத்துக்கு உலகின் தலைசிறந்த வயலின் கலைஞர்கள் மேடையேற வேண்டியிருந்தது!

பணக்கார ஊர்ப் பள்ளியில் பெற்றோர் மாத வாடகைக்கு ஃப்ளூட் எடுப்பார்கள். டியூபா, பஸ்ஸூன் மாதிரி விலை கூடியவற்றைப் பள்ளியே வாங்கி வைக்கும். ஏழை ஊர்ப் பள்ளியில் வால்வு ஒட்டிக்கொண்ட டிரம்பெட்தான் இருக்கும். இதற்காகவே 1996-ல் இசையமைப்பாளர் மைக்கேல் கேமன், 'மிஸ்டர் ஹாலண்ட்ஸ் ஓபஸ்' படத்தின் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கிப் பள்ளிகளுக்கு வாத்தியம் கொடுத்தார். தேவைக்கு முன்னால் இதெல்லாம் கொஞ்சம்தான்.

சென்னையிலும் கோவையிலும் லண்டன் டிரினிட்டி தேர்வுக்காகக் கீபோர்டும் வயலினும் தனித்தனியே கற்கும் பிள்ளைகள் ஏராளம். சேர்ந்து வாசிக்கும் வகுப்பு அரிது. ஒரு பேண்டு அமைத்தால் என்ன என்று எந்தப் பள்ளி நிர்வாகியாவது யோசித்தால், பாடப் பொருளுக்குப் பஞ்சமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பழைய இசையமைப்பாளர்களின் காப்புரிமை முடிந்த ஸ்கோர்கள் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசம். எழுதவும் மாற்றவும் 'மியூஸ்ஸ்கோர்' மென்பொருள் இலவசம். தொடக்கப் புத்தகத்தின் விலையும் அதிகம் இல்லை. தாளத்துக்குத் தகதிமி நம் வீட்டிலேயே இருக்கிறது.

அவர்களுக்குத் தெய்வ அருளாலோ மேல்நாட்டு மூளையாலோ இது வாய்க்கவில்லை. வாரத்தில் இத்தனை பீரியட் என்று ஒதுக்கி, அதற்கு ஓர் ஆசிரியரைச் சம்பளத்துக்கு நியமித்தார்கள். புத்தகமும் மென்பொருளும் மாநாடும் அந்தப் பீரியடைச் சுற்றி வளர்ந்தவை. எனவே பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் காட்டப் பளபளக்கும் டிரம்பெட்டுகளை வாங்கும் முன், கால அட்டவணையை எடுங்கள். அதில் வாரம் மூன்று பீரியட் ஒதுக்குங்கள். அந்தப் பீரியடைத் தேர்வு நெருங்கும்போது கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.